எதைக் கொடுத்து எதை வாங்குவது?

1995-ல் ஆண்ட்ரூ குரோவுக்குப் புரோஸ்டேட் புற்றுநோய் என்று தெரியவந்தபோது அவர் இன்டெல் நிறுவனத்தின் தலைமை நிர்வாகி. வேதிப் பொறியியல் படித்தவர். தயாரிப்பில் எங்கே பிசகு என்பதை எண்களை வைத்துத் துரத்திப் பிடித்துப் பழகியவர். நோயையும் அப்படியே அணுகினார். நிபுணர்களைத் தேடிப் போனார். அறுவை செய்பவர்கள் அறுவையைச் சொன்னார்கள். கதிர்வீச்சு கொடுப்பவர்கள் கதிர்வீச்சைச் சொன்னார்கள். இரண்டையும் நேருக்கு நேர் நிறுத்தி ஒப்பிட்டுக் காட்ட ஆளில்லை. மருத்துவ இதழ்களை வாங்கிப் படித்து, அவற்றில் இருந்த எண்களைக் கொண்டு தாமே வரைபடம் போட்டார். கடைசியில் சியாட்டில் நகருக்குப் போய், ஊசிகள் வழியாகக் கதிரியக்கப் பொருளைப் புரோஸ்டேட் சுரப்பிக்குள் செலுத்தி, சற்று நேரத்தில் வெளியே எடுத்துவிடும் முறையைத் தேர்ந்தெடுத்தார். இதையெல்லாம் 1996 மே மாத ‘ஃபார்ச்சூன்’ இதழில் விரிவாக எழுதினார். 2016-ல், 79 வயதில் காலமானார்.

அவருடைய தேர்வு சரிதானா? இருபது வருடம் வாழ்ந்தாரே, சரியாகத்தான் இருக்க வேண்டும் என்று தோன்றும். ஆனால் அறுவை செய்துகொண்டிருந்தாலும் அதே இருபது வருடம் வாழ்ந்திருக்கலாம். ஒன்றுமே செய்யாமல் கவனித்துக்கொண்டு இருந்திருந்தாலும் வாழ்ந்திருக்கலாம். ஒரு மனிதர் ஒரு பாதையில்தான் போக முடியும். போகாத பாதையில் என்ன நடந்திருக்கும் என்று அவருக்கும் தெரியாது, அவருடைய டாக்டருக்கும் தெரியாது. “எங்க மாமா ஆபரேஷன் பண்ணிக்கிட்டார், நல்லா இருக்கார்” என்ற பேச்சை வைத்து முடிவெடுக்க முடியாததற்கும் இதுதான் காரணம். மாமா நன்றாக இருப்பது உண்மை. அது ஆபரேஷனால்தானா என்பது வேறு கேள்வி.

டாக்டர்களும் இந்தச் சிக்கலுக்கு வெளியே இல்லை. 2000-ஆம் ஆண்டு அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் ஒரு கருத்தாய்வு வெளிவந்தது. சுரப்பியைத் தாண்டாத புற்றுநோய்க்கு எந்தச் சிகிச்சை நல்லது என்று அமெரிக்க யூராலஜி டாக்டர்களிடமும் கதிர்வீச்சு நிபுணர்களிடமும் கேட்டார்கள். யூராலஜி டாக்டர்களில் 93 சதவீதம் பேர் அறுவை என்றார்கள். கதிர்வீச்சு நிபுணர்களில் 72 சதவீதம் பேர் அறுவையும் கதிர்வீச்சும் சமம்தான் என்றார்கள். இரு தரப்பும் பார்ப்பது ஒரே நோயை, படிப்பது ஒரே ஆய்வுகளை. ஆனால் தினமும் தன் கையால் செய்வதையும், அதில் பிழைத்தவர்கள் நன்றி சொல்ல வருவதையும் பார்க்கும் ஒருவருக்கு அந்த வழியின் மேல் நம்பிக்கை கூடுவது இயல்பு. இதில் கெட்ட எண்ணம் தேட வேண்டியதில்லை. நோயாளி செய்ய வேண்டியது ஒன்றுதான்: இரு தரப்பு டாக்டர்களையும் பார்க்காமல் கையெழுத்துப் போடாமல் இருப்பது.

சீட்டுக் குலுக்கலுக்குச் சம்மதித்தவர்கள்

போகாத பாதையைப் பார்க்க ஒரு வழி உண்டு. ஒரே மாதிரி நோயுள்ள நூற்றுக்கணக்கானவர்களை, யார் எந்தச் சிகிச்சைக்குப் போவது என்று சீட்டுக் குலுக்கிப் பிரித்துவிட்டு, பல வருடம் காத்திருக்க வேண்டும். பிரிட்டன் இதைச் செய்தது. ‘புரொடெக்ட்’ என்ற அந்த ஆய்வில், 1999 முதல் 2009 வரை, 50 முதல் 69 வயதுக்குட்பட்ட 82,429 ஆண்கள் இந்த நோயைத் தேடும் பி.எஸ்.ஏ. ரத்தப் பரிசோதனை செய்துகொண்டார்கள். சுரப்பியைத் தாண்டாத புற்றுநோய் 2,664 பேருக்கு இருந்தது. அவர்களில் 1,643 பேர் குலுக்கலுக்குச் சம்மதித்தார்கள். 553 பேருக்கு அறுவை, 545 பேருக்குக் கதிர்வீச்சு, மீதி 545 பேருக்குத் தொடர் கண்காணிப்பு.

இந்தச் சம்மதம் லேசில் கிடைக்கவில்லை. தொடக்கத்தில் கேட்கப்பட்டவர்களில் பாதிப் பேர்கூட ஒப்புக்கொள்ளவில்லை. பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தின் சமூகவியலாளர் ஜென்னி டோனவன், நோயாளிகளிடம் ஆய்வுக் குழுவினர் பேசியதைப் பதிவு செய்து கேட்டுப் பார்த்தார். அறுவையையும் கதிர்வீச்சையும் விலாவாரியாக விளக்குகிறார்கள். கண்காணிப்பைக் கடைசியில் ஓரிரு வாக்கியத்தில் முடித்துவிடுகிறார்கள். நோயாளியின் காதில் அது ‘சும்மா விட்டுவிடுவது’ என்றே விழுகிறது. டோனவனின் யோசனைப்படி கண்காணிப்பை முதலில் சொன்னார்கள். எப்போது ரத்தம் எடுப்போம், எண் ஏறினால் என்ன செய்வோம் என்று மற்ற இரண்டுக்குச் சமமாக விளக்கினார்கள். சம்மதிப்பவர்கள் சுமார் 70 சதவீதமாக உயர்ந்தார்கள். நோய் அதேதான், சிகிச்சைகளும் அவையேதான். டாக்டர் எதை முதலில் சொல்கிறார், எதற்கு எவ்வளவு நேரம் ஒதுக்குகிறார் என்பதே நம் முடிவை இந்த அளவுக்கு இழுக்கிறது.

பதினைந்து வருட முடிவுகள் 2023-ல் வெளியாயின. கண்காணிப்புக் குழுவில் புரோஸ்டேட் புற்றுநோயால் இறந்தவர்கள் 17 பேர். அறுவைக் குழுவில் 12, கதிர்வீச்சுக் குழுவில் 16. சதவீதக் கணக்கில் 3.1, 2.2, 2.9. இவ்வளவு சிறிய வித்தியாசம் தற்செயலாகவே வரக்கூடியது. எந்த வழியில் போனாலும் நூற்றுக்கு 97 பேர் பதினைந்து வருடத்தில் இந்த நோயால் இறக்கவில்லை.

இன்னொரு எண்ணைப் பலர் கவனிப்பதில்லை. அதே காலத்தில் எல்லாக் காரணங்களாலும் இறந்தவர்கள் 356 பேர். அவர்களில் 45 பேரை மட்டுமே புரோஸ்டேட் புற்றுநோய் கொண்டுபோனது. மீதி 311 பேர் வேறு காரணங்களால் இறந்தவர்கள். இந்த நோய் வந்த மனிதர் தம் பிரஷர் மாத்திரையை மறந்துவிட்டு பி.எஸ்.ஏ. எண்ணை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால், ஆபத்து இருக்கும் பக்கத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறார் என்று அர்த்தம்.

கண்காணிப்புக்கும் ஒரு விலை இருந்தது. நோய் வேறு இடங்களுக்குப் பரவியவர்கள் அந்தக் குழுவில் 9.4 சதவீதம், அறுவையில் 4.7, கதிர்வீச்சில் 5.0. ஆயிரம் பேரில் ஏறக்குறைய 45 பேர் கூடுதல். பதினைந்து வருடத்துக்குள் இது இறப்பு எண்ணிக்கையில் தெரியவில்லை. ஆனால் பரவிய நோய்க்கான மருந்தோடு வாழ்வதும் ஒரு சுமைதான். அன்றைய கண்காணிப்பு பெரும்பாலும் பி.எஸ்.ஏ.வை மட்டும் நம்பியிருந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இன்று எம்.ஆர்.ஐ. ஸ்கேனும் குறித்த இடைவெளியில் மறு பயாப்ஸியும் அதில் அடக்கம். கண்காணிப்பில் தொடங்கியவர்களில் சுமார் 61 சதவீதம் பேர் பதினைந்து வருடத்துக்குள் ஏதோ ஒரு கட்டத்தில் சிகிச்சைக்கு மாறினார்கள். அந்தக் குழுவில் நான்கில் ஒருவர் எந்தச் சிகிச்சையும் இல்லாமலே உயிரோடு இருந்தார்.

அறிக்கையில் எதைப் பார்ப்பது

இந்த ஆறுதல் எல்லோருக்கும் பொருந்தாது. புரொடெக்ட் ஆய்வில் சேர்ந்தவர்களில் பெரும்பாலோருக்கு இருந்தது வீரியம் குறைந்த நோய். அதனால் சிகிச்சையைப் பற்றி யோசிப்பதற்கு முன், வந்திருப்பது எந்த ரகம் என்று தெரிந்துகொள்ள வேண்டும். பயாப்ஸி அறிக்கை அதைச் சொல்லும்.

அதில் முதலில் தேட வேண்டியது கிளீசன் எண். அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரிலிருந்த முன்னாள் படைவீரர் மருத்துவமனையில் திசுக்களை ஆராய்ந்த டொனால்ட் கிளீசன் 1966-ல் வகுத்த முறை இது. நுண்ணோக்கியில் தெரியும் திசு, இயல்பான சுரப்பியின் ஒழுங்கை எந்த அளவுக்கு இழந்திருக்கிறது என்று பார்த்து மதிப்பெண் தருவது. அதிகமாகக் காணப்படும் இரண்டு அமைப்புகளின் மதிப்பெண்களைக் கூட்டினால் வருவது கிளீசன் எண். இதில் ஒரு குழப்பம் உண்டு. நடைமுறையில் இன்று பயாப்ஸியில் 6-க்குக் கீழே எழுதுவதில்லை, உச்சம் 10. ஆகவே ‘பத்துக்கு ஆறு’ என்று பார்த்து நடுங்குபவர் கையில் வைத்திருப்பது, இருப்பதிலேயே சாதுவான ரகத்தின் அறிக்கை. இந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான் 2014-ல் கூடிய நிபுணர்கள் 1 முதல் 5 வரையிலான புதிய தர வரிசையை ஏற்றார்கள். பழைய 6 அதில் முதல் தரம். 3+4 என்றால் இரண்டாம் தரம். 4+3 என்றால் மூன்றாம் தரம். இரண்டுக்கும் கூட்டுத்தொகை ஏழுதான். ஆனால் கெட்ட அமைப்பு எந்தப் பக்கம் அதிகம் என்பது போக்கையே மாற்றிவிடும்.

கிளீசன் எண்ணோடு பி.எஸ்.ஏ. அளவும், விரலால் தொட்டுப் பார்க்கும்போதும் ஸ்கேனிலும் தெரியும் பரப்பும் சேர்ந்தால் ஆபத்தின் அளவு கிடைக்கும். கிளீசன் 6, பி.எஸ்.ஏ. 10-க்குள், கட்டி மிகச் சிறியது என்றால் குறைந்த ஆபத்து. கிளீசன் 8 அல்லது அதற்கு மேல், அல்லது பி.எஸ்.ஏ. 20-க்கு மேல் என்றால் அதிக ஆபத்து. இடைப்பட்டவர்களுக்குத்தான் முடிவெடுப்பது மிகவும் கடினம்.

குறைந்த ஆபத்துள்ளவர்களைக் கண்காணிப்பிலேயே வைக்கும் வழக்கத்தை 1995-ல் டொரொன்டோவில் முறைப்படி தொடங்கியவர் லாரன்ஸ் கிளாட்ஸ். அவருடைய கண்காணிப்பில் இருந்த 993 பேரின் கணக்கு 2015-ல் வெளிவந்தபோது, புரோஸ்டேட் புற்றுநோயால் இறந்திருந்தவர்கள் 15 பேர். அவர் தொடங்கிய காலத்தில் புற்றுநோய் என்று தெரிந்தும் கத்தியை எடுக்காமல் இருப்பதைப் பலர் பொறுப்பின்மை என்றே நினைத்தார்கள். இன்று குறைந்த ஆபத்துள்ள நோய்க்கு உலகெங்கும் வழிகாட்டு நெறிகள் முதலில் சொல்வது அதைத்தான்.

இதற்குப் பின்னால் ஒரு பழைய உண்மை இருக்கிறது. வேறு காரணத்தால் இறந்த முதியவர்களின் உடலை ஆராய்ந்தால் பலருடைய புரோஸ்டேட்டில் புற்றுநோய் தென்படும். எண்பதைத் தாண்டியவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு இருக்கும். அது தங்களுக்குள் இருந்ததே தெரியாமல் வாழ்ந்து முடித்தவர்கள் அவர்கள். நுண்ணோக்கியில் புற்றுநோயாகத் தெரிவதெல்லாம் வாழ்நாளுக்குள் ஆளைக் கொல்வதில்லை.

அக்கம்பக்கத்து உறுப்புகள்

உயிர் தப்பும் வாய்ப்பு மூன்று வழியிலும் ஏறக்குறைய ஒன்று என்றால், வித்தியாசம் வேறு எங்கோ இருக்க வேண்டும். அது அக்கம்பக்கத்தில் இருக்கிறது. ஒரு பெரிய நெல்லிக்காய் அளவுள்ள இந்தச் சுரப்பி, சிறுநீர்ப்பைக்கு நேர் கீழே, சிறுநீர்க் குழாயைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. அதற்குக் கீழே சிறுநீரைப் பிடித்து நிறுத்தும் வளையத் தசை. பின்னால் ஒட்டினாற்போல் மலக்குடல். இரு பக்கமும் ஆண்குறி விறைப்புக்கான நரம்புக் கற்றைகள். இந்தச் சுரப்பியைத் தொடும் எந்தச் சிகிச்சையும் இவற்றில் ஒன்றையாவது தொடாமல் திரும்பாது.

அறுவையில் சுரப்பி முழுவதும் எடுக்கப்பட்டு, சிறுநீர்ப்பை நேரடியாகக் குழாயோடு தைக்கப்படுகிறது. ஒன்று இரண்டு வாரம் டியூப் இருக்கும். புரொடெக்ட் ஆய்வில் அறுவைக்குப் பிறகு ஆறாம் மாதத்தில் 46 சதவீதம் பேர் சிறுநீர்க் கசிவுக்குப் பேட் வைத்துக்கொண்டார்கள். ஆறாம் வருடத்தில் 17 சதவீதம். கண்காணிப்பில் அது 8, கதிர்வீச்சில் 4. விறைப்பின் கணக்கு இன்னும் கடினமானது. தொடக்கத்தில் உறவுக்குப் போதுமான விறைப்பு 67 சதவீதம் பேருக்கு இருந்தது. ஆறு மாதத்தில் அறுவைக் குழுவில் 12, கதிர்வீச்சுக் குழுவில் 22, கண்காணிப்புக் குழுவில் 52. ஆறு வருடத்தில் 17, 27, 30. கடைசி எண்ணைக் கவனியுங்கள்: கண்காணிப்பில் இருந்தவர்களுக்கும் பாதிக்கு மேல் போய்விட்டது. வயதும், இடையில் சிகிச்சைக்கு மாறியதும் அதற்குக் காரணம்.

ஒரு காலத்தில் அறுவைக்குப் பிறகு விறைப்பு போவதைத் தலைவிதி என்றே விட்டுவிட்டார்கள். நரம்புகள் எந்த வழியில் ஓடுகின்றன என்பதே அறுவை நிபுணர்களுக்குத் தெளிவாகத் தெரியாது. 1981-ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையின் பேட்ரிக் வால்ஷ், நெதர்லாந்தின் லைடன் நகரில் ஓய்வுபெற்ற பேராசிரியர் பீட்டர் டோன்கரோடு சேர்ந்து, இறந்து பிறந்த ஒரு குழந்தையின் உடலில் அந்த நரம்புகளைத் தேடிக் கண்டார். அவை சுரப்பிக்கு வெளியே ஓடுகின்றன என்று தெரிந்ததும், 1982-ல் அவற்றை ஒதுக்கிவிட்டுச் சுரப்பியை மட்டும் எடுக்கும் அறுவையைச் செய்தார். புற்று நரம்பை ஒட்டி இருந்தால் இதற்கும் வழியில்லை.

ரோபோ அறுவையைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் ரோபோ அறுவையையும் வயிற்றைத் திறந்து செய்யும் அறுவையையும் குலுக்கல் முறையில் ஒப்பிட்டார்கள். 2018-ல் வந்த இரண்டு வருட முடிவுகளில் சிறுநீர்க் கட்டுப்பாட்டிலும் விறைப்பிலும் பெரிய வித்தியாசம் இல்லை. ரோபோவில் ரத்த இழப்பு குறைவு, வீடு திரும்புவது சீக்கிரம். ஆனால் நரம்பின் கதியைத் தீர்மானிப்பது கருவியைப் பிடித்திருக்கும் கைதான். “மெஷின் எந்தக் கம்பெனி?” என்பதைவிட “இந்த அறுவையை வருடத்துக்கு எத்தனை செய்கிறீர்கள்?” என்பது பயனுள்ள கேள்வி.

‘கரண்ட் வைப்பது’ என்று நம் ஊரில் சொல்லப்படும் கதிர்வீச்சில் மின்சாரம் எதுவும் உடம்பில் பாய்வதில்லை. செறிவான எக்ஸ் கதிர்கள் புற்றணுக்களின் டி.என்.ஏ.வை அறுக்கின்றன. கத்தி இல்லை, பேட் தேவைப்படுவோர் மிகக் குறைவு. ஆனால் பின்னால் இருக்கும் மலக்குடல் சிறிது கதிரை வாங்கிக்கொள்ளும். முதல் சில மாதங்களில் அடிக்கடி மலம் கழிக்கும் அவசரம் வரும்; பெரும்பாலும் தணிந்துவிடும். சிலருக்கு வருடங்கள் கழித்தும் மலத்தில் ரத்தம் தென்படும். நடுத்தர ஆபத்துள்ளவர்களுக்குச் சில மாதங்களும் அதிக ஆபத்துள்ளவர்களுக்கு ஒன்றரை முதல் மூன்று வருடங்களும் ஹார்மோன் ஊசி சேர்ப்பது வழக்கம். அதன் தொல்லைகள் தனிக் கணக்கு.

கதிர்வீச்சுக்கு எத்தனை நாள் போக வேண்டும் என்பது நம்மவர்களுக்குப் பெரிய கேள்வி. புரொடெக்ட் ஆய்வில் 37 தடவை போக வேண்டியிருந்தது. கிராமத்திலிருந்து வருபவர் ஏழெட்டு வாரம் நகரத்தில் அறை எடுத்துத் தங்கினால் ஆகும் செலவை மருத்துவ இதழ்கள் பெரும்பாலும் கணக்கிடுவதில்லை. அந்தக் கணக்கு இப்போது மாறியிருக்கிறது. 20 தடவையாகக் குறைத்தாலும் பலன் குறையவில்லை என்று 2016-ல் பிரிட்டனின் ‘சிப்’ ஆய்வு காட்டியது. குறைந்த, நடுத்தர ஆபத்துள்ளவர்களுக்கு 5 தடவையே போதும் என்று ‘பேஸ்’ ஆய்வு 2024-ல் காட்டியது. 5 தடவை பெற்றவர்களிலும் கூடுதல் தடவை பெற்றவர்களிலும், ஐந்து வருடத்தில் நோய் திரும்பாமல் இருந்தவர்கள் 95 சதவீதத்தை ஒட்டியே இருந்தார்கள். இதற்குத் துல்லியமான கருவியும் பழகிய குழுவும் வேண்டும். உங்கள் மருத்துவமனை 37 என்று சொன்னால், ஏன் 20 அல்லது 5 ஆகாது என்று கேட்பதில் தவறே இல்லை.

இன்னொரு வித்தியாசம், அடுத்த கட்டத்தைப் பற்றியது. அறுவைக்குப் பிறகு நோய் திரும்பினால் கதிர்வீச்சு கொடுக்க வழி இருக்கிறது. கதிர்வீச்சு பட்ட சுரப்பியைப் பிறகு அறுத்தெடுப்பது மிகக் கடினம். திசுக்கள் ஒன்றோடொன்று ஒட்டி இறுகிப்போயிருக்கும். ஐம்பது வயதுக்காரர் இதற்குக் கொடுக்கும் மதிப்பை எழுபத்தைந்து வயதுக்காரர் கொடுக்க வேண்டியதில்லை.

எத்தனை வருடக் கணக்கு

அறுவையால் ஆயுள் கூடுமா என்பதில் முரண்படுவதுபோல் தோன்றும் இரண்டு ஆய்வுகள் உண்டு. ஸ்காண்டிநேவிய நாடுகளில் 1989 முதல் 1999 வரை 695 பேரை அறுவை, காத்திருத்தல் என்று பிரித்துப் பின்தொடர்ந்தார்கள். 2018-ல் வந்த கணக்கின்படி, 23 வருடத் தொடர்ச்சியில் அறுவை செய்துகொண்டவர்கள் சராசரியாக 2.9 வருடம் கூடுதலாக வாழ்ந்தார்கள். அமெரிக்காவில் 1994 முதல் 2002 வரை 731 பேரைச் சேர்த்த ‘பிவட்’ ஆய்விலோ, இருபது வருடத்தை எட்டும் வேளையிலும் மொத்த இறப்பில் உறுதியான வித்தியாசம் தெரியவில்லை.

எது உண்மை? இரண்டுமே. ஸ்காண்டிநேவிய ஆய்வில் இருந்தவர்களுக்கு நோய் பெரும்பாலும் கைக்குத் தட்டுப்படும் கட்டியாகவோ சிறுநீர்த் தொந்தரவின் போதோ கண்டுபிடிக்கப்பட்டது. அதாவது வளர்ந்த நோய். அமெரிக்க ஆய்வில் பலருடைய நோய் ரத்தப் பரிசோதனையில் சீக்கிரமே சிக்கியது. அதோடு, வேறு நோய்களும் உள்ள, வயதான முன்னாள் படைவீரர்களே அதில் அதிகம். சிகிச்சையின் பலன் பெற, நோய் ஓரளவு வீரியமாகவும் இருக்க வேண்டும், அந்தப் பலன் வந்து சேரும்வரை மனிதர் வாழவும் வேண்டும். பக்க விளைவுகள் முதல் மாதமே வந்து உட்கார்ந்துவிடும். பலன் பத்து வருடம் கழித்துத்தான் வரத் தொடங்கும். அதனால்தான் ‘இன்னும் பத்து வருடம் வாழக்கூடியவரா?’ என்ற கேள்வியை எல்லா வழிகாட்டு நெறிகளும் கேட்கின்றன. எழுபத்தெட்டு வயது, இதயத்தில் இரண்டு ஸ்டென்ட், கிளீசன் 6 உள்ள ஒருவருக்கு அறுவை செய்வது, அவர் அனுபவிக்க வாய்ப்பில்லாத லாபத்துக்காக இன்றே கைமுதலை வசூலிப்பது.

அதிக ஆபத்துள்ள நோய்க்கு இந்தத் தயக்கம் கூடாது. சுரப்பியை மீறத் தொடங்கிய நோயுள்ள 415 பேரை வைத்து ஐரோப்பாவில் மிஷெல் போலா நடத்திய ஆய்வு 1997-ல் வெளிவந்தது. கதிர்வீச்சோடு மூன்று வருட ஹார்மோன் ஊசி சேர்ந்தவர்களில் ஐந்து வருடம் கடந்தவர்கள் 79 சதவீதம். கதிர்வீச்சு மட்டும் பெற்றவர்களில் 62. இங்கே தேர்வு உயிரையே தொடுகிறது. ‘மெதுவாக வளரும் நோய்தானே’ என்ற ஆறுதல் இவர்களுக்குச் செல்லாது.

பரவிவிட்ட பிறகு

மாஸ்டர் ஹெல்த் செக்கப்பில் பி.எஸ்.ஏ. பார்த்து நோயைக் கண்டுகொள்பவர்கள் நம் நாட்டில் நகரத்து வசதிக்காரர்கள். முதுகுவலிக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்து, நாளாகியும் தீராமல் ஸ்கேன் எடுக்கும்போது, நோய் எலும்பில் இருப்பது தெரியவரும் பெரியவர்களும் ஏராளம். அவர்களுக்கு அறுவையா கதிர்வீச்சா என்ற கேள்வி முதலில் எழுவதில்லை.

அவர்களுக்கான வழியைத் திறந்தவர் சிகாகோவின் சார்லஸ் ஹகின்ஸ். புரோஸ்டேட் புற்று, விரைகள் சுரக்கும் ஆண் ஹார்மோனை நம்பி வளர்வது. அதை நிறுத்தினால் நோய் சுருங்கும் என்று 1941-ல் காட்டினார். 1966-ல் நோபல் பரிசு பெற்றார். அந்த ஹார்மோனை நிறுத்த இன்றும் முக்கியமாக இரண்டு வழி: விரைகளை எடுக்கும் சிறு அறுவை, அல்லது மாதக்கணக்கில் போட்டுக்கொண்டே இருக்க வேண்டிய ஊசி. பலன் ஒன்றுதான். அறுவை ஒரே தடவைச் செலவு, ஆனால் திரும்ப வழியில்லை. ஊசிக்குத் தொடர்ந்து பணம் வேண்டும், நிறுத்தினால் ஹார்மோன் திரும்பலாம். எந்த வழியானாலும் உடம்பில் திடீர் வெப்பம், எலும்புத் தேய்மானம், தசை இழப்பு, சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு ஆகியவை கூட வரும்.

ஹார்மோன் நிறுத்தத்தை மட்டும் நம்பியிருந்த காலம் போய்விட்டது. தொடக்கத்திலேயே டோசிடாக்செல் கீமோ சேர்த்தால் ஆயுள் கூடுகிறது என்று 2015-லும், அபிராடெரோன் மாத்திரை சேர்த்தால் கூடுகிறது என்று 2017-லும் பெரிய ஆய்வுகள் காட்டின. அபிராடெரோனின் ஜெனரிக் மாத்திரைகள் இந்தியாவிலேயே தயாராகின்றன. பரவிய நோய்க்கு வெறும் ஊசி மட்டும் எழுதித் தந்தால், இவற்றில் ஒன்றைச் சேர்க்கலாமா என்று கேட்காமல் எழுந்து வரக் கூடாது.

அறைக்குள் யார் இருக்கிறார்கள்

சிகிச்சை முடிந்தவர்கள் பின்னால் என்ன நினைக்கிறார்கள்? அமெரிக்காவில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை ஐந்து வருடம் தொடர்ந்த ‘சீசர்’ ஆய்வு இதைக் கேட்டது. தம் முடிவுக்காக வருந்தியவர்கள் அறுவையில் 16 சதவீதம், கதிர்வீச்சில் 11, கண்காணிப்பில் 7. வருத்தத்தோடு நெருங்கிய தொடர்புடையதாகத் தெரிந்தது எதிர்பார்ப்பு: இவ்வளவுதான் தொந்தரவு இருக்கும் என்று நினைத்ததற்கும் நேர்ந்ததற்கும் உள்ள இடைவெளி. முன்பே தெரிந்து ஏற்ற இழப்பு ஆளை உடைப்பதில்லை. சொல்லாமல் வந்த இழப்பு உடைக்கிறது.

நம் வீடுகளில் இந்த இடைவெளி பெரிதாவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. டாக்டர் அறைக்கு அப்பாவோடு மகன் வருகிறார், மருமகன் வருகிறார், சில சமயம் மகளும் வருகிறார். டாக்டர் மகனைப் பார்த்துப் பேசுகிறார். “எதைச் செஞ்சா அப்பா குணமாவாரோ அதைச் செய்யுங்க, பணம் பிரச்சினை இல்லை” என்று மகன் சொல்கிறார். அன்பில் குறையில்லை. ஆனால் மூன்று வழிகளையும் பிரித்துக் காட்டுவது சிறுநீர்க் கசிவு, மலம் அடக்குவது, மனைவியோடு உறவு ஆகிய மூன்று விஷயங்கள். மகன் முன்னால் அப்பாவால் வாய் திறந்து கேட்க முடியாதவையும் இதே மூன்றுதான். கேட்காததால் டாக்டர் சொல்வதில்லை. வெட்கத்தைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு காகிதத்தில் கையெழுத்து வாங்கிவிடுகிறார்கள். அறுபத்தெட்டு வயதில் இதெல்லாம் எதற்கு என்று மற்றவர்களே முடிவு கட்டிவிடுகிறார்கள்.

ஆகவே, ஒரு தடவையாவது நோயாளி தனியாகவோ மனைவியோடு மட்டுமோ டாக்டரைப் பார்க்க வேண்டும். கேட்க வேண்டியவை அதிகம் இல்லை. என் கிளீசன் எண் என்ன, தர வரிசையில் நான் எங்கே? ஒன்றும் செய்யாவிட்டால் பத்து வருடத்தில் என்ன ஆகலாம்? நீங்கள் செய்தவர்களில் எத்தனை பேர் ஒரு வருடம் கழித்தும் பேட் வைக்கிறார்கள்? என் நரம்பைக் காப்பாற்ற முடியுமா? நோய் திரும்பினால் அடுத்து என்ன மிஞ்சியிருக்கும்? பிறகு, இதே அறிக்கையோடு மற்றத் துறை நிபுணர் ஒருவரையும் பார்க்க வேண்டும். குறைந்த, நடுத்தர ஆபத்துள்ள நோய் சில வாரங்களில் கைமீறிப் போகாது. யோசிக்க அவகாசம் உண்டு. “நாளைக்கே அட்மிட் ஆகுங்கள்” என்பது இவர்களுக்குப் பெரும்பாலும் நோயின் அவசரம் அல்ல.

ஒரே அறிக்கையோடு வரும் இரண்டு பேர் இரண்டு விதமாக முடிவெடுக்கலாம், இருவருமே சரியாக எடுத்திருக்கலாம். உடம்புக்குள் புற்று இருக்கிறது என்ற நினைப்போடு தூங்கவே முடியாது என்பவர் கசிவைப் பொறுத்துக்கொண்டு அறுவைக்குப் போகலாம். விவசாயம் பார்க்கும், நாள் முழுக்க வெயிலில் நிற்கும் மனிதர் பேட்டோடு வேலை செய்ய முடியாது என்று கதிர்வீச்சை நாடலாம். சில மாதங்களுக்கு ஒருமுறை ரத்தம் கொடுக்க அலுக்காதவர் எதையும் தொடாமல் கண்காணிப்பிலேயே இருக்கலாம். பதினைந்து வருடத்தில் உயிர் தப்பும் வாய்ப்பு மூன்றிலும் ஒன்றாக இருக்கும்போது, எது சிறந்தது என்று சொல்லும் தகுதி கிளீசன் எண்ணுக்கும் இல்லை, டாக்டரின் அனுபவத்துக்கும் இல்லை. நோயாளியின் விருப்பத்தை மதிக்க வேண்டும் என்பதைப் பலர் மரியாதைக்காகச் சொல்வதாக எடுத்துக்கொள்கிறார்கள். புரொடெக்ட் ஆய்வின் எண்கள் சொல்வது அதைவிடக் கறாரானது: இந்த நோயாளிகளைப் பொறுத்தவரை, தராசில் வைப்பதற்கு அந்த விருப்பத்தைத் தவிர வேறு எடை மிஞ்சவில்லை.